அந்தப் பக்கம் பிரேக் இல்லை

மாஸ்டரின் வலது கண்ணிமை முதன்முதலாகச் சரிந்தது ஒரு பிற்பகலில், இரண்டாவது கியரில்.

ஸ்டீயரிங்கைப் பிடித்திருந்தவர் பாங்க் அம்மா. இருபத்தாறு வருடமாகக் கார் ஓட்டக் கற்றுக்கொடுக்கிற மாஸ்டருக்கு மாணவர்களின் பெயர் மனதில் தங்காது. பாங்க் அம்மா, மருந்துக்கடை, உயரம் என்று அவர் வைத்த பெயரில்தான் எல்லோரும் ஓட்டிப் பழகினார்கள். "மூணாவது போடட்டுமா மாஸ்டர்?" என்று கேட்க பாங்க் அம்மா திரும்பினார். மாஸ்டரின் ஒரு கண் மூடி, ஒரு கண் திறந்து, நேராக அவரையே பார்த்துக்கொண்டிருந்தது. பாங்க் அம்மா வண்டியை ஓரங்கட்டினார். பதினோரு நாளாக வராத ஓரங்கட்டல் அன்று ஒரே தடவையில் அழகாக வந்தது.

"மாஸ்டர், எனக்குக் கல்யாண வயசுல பொண்ணு இருக்கா," என்றார்.

"நல்லதும்மா. கிளட்சை மிதிங்க," என்றார் மாஸ்டர்.

மறுநாள் பாங்க் அம்மா தன் கணவரோடு வந்தார். அவர் பின்சீட்டில் கைகட்டிக்கொண்டு உட்கார்ந்தார். மூன்று நாள் சும்மா இருந்தவர் நாலாம் நாள் "மெதுவா, மெதுவா, லெஃப்ட்ல பாரு" என்று பாடம் எடுக்க ஆரம்பித்தார். தன் வண்டிக்குள் இன்னொரு குரல் கேட்பது மாஸ்டருக்கு இதுதான் முதல் தடவை.

மாஸ்டரின் தொழிலே அந்தக் குரல்தான். வெள்ளைக் கார் ஒன்று, அவர் உட்காருகிற பக்கம் தனியாக வைத்த ஒரு கிளட்ச், ஒரு பிரேக், அப்புறம் தொண்டை. அவர் உள்ளே உட்கார்ந்து மாணவனைத் திட்டினால், எதிரே வருகிற லாரிக்காரர் தன்னைத்தான் சொல்கிறார் என்று ஒதுங்கிப் போவார். வீட்டு முன்னறையில் விண்ணப்பம் எழுதுகிற மேசையில் உட்கார்ந்திருக்கும் அவர் மனைவி, வண்டி தெருமுனையில் திரும்பும்போதே யார் ஓட்டுகிறார்கள் என்று சொல்லிவிடுவாள். ஆளுக்கு ஆள் வசவு வேறு.

கண் காலையில் ஒழுங்காக இருந்தது. மத்தியானத்துக்கு மேல் கடை ஷட்டர் மாதிரி பாதி இறங்கியது. தூக்கம் போதவில்லை என்று மத்தியானம் தூங்கிப் பார்த்தார். எழுந்த அரைமணி நேரம் நன்றாக இருந்தது. பிறகு மறுபடி ஷட்டர். கடைசியில், வண்டியில் 'எல்' எழுத்து ஒட்டுகிற சிவப்பு டேப்பைக் கிழித்து, இமையைத் தூக்கி நெற்றியோடு ஒட்டிக்கொண்டு வேலைக்குப் போனார். அந்த ஒற்றைக் கண் நாள் முழுக்கத் திகைத்தபடி இருந்தது. தாங்கள் ஓட்டுகிற லட்சணத்தைப் பார்த்துத்தான் மாஸ்டர் திகைக்கிறார் என்று மாணவர்கள் இன்னும் பயந்தார்கள்.

அடுத்தது குரல். காலையில் கணீரென்று இருப்பது சாயங்காலம் குழாய்க்குள்ளிருந்து பேசுகிற மாதிரி மூக்கால் வந்தது. வசவின் முதல் பாதி வெளியே வரும்; இரண்டாவது பாதி தொண்டையிலேயே உட்கார்ந்துவிடும். மாஸ்டர் யோசித்து, திட்டுவதையெல்லாம் காலை வகுப்போடு நிறுத்திக்கொண்டார். சாயங்கால வகுப்பில் வாயைத் திறக்காமல் கையால் மட்டும் காட்டினார். அந்த மாதம் லைசென்ஸ் பரீட்சையில் சாயங்கால வகுப்புக்காரர்கள் ஒருவர் விடாமல் முதல் தடவையிலேயே தேறினார்கள். காலை வகுப்பில் பாதிப்பேர் கோட்டை விட்டார்கள். இது மாஸ்டருக்கு நோயைவிடப் பெரிய குழப்பமாக இருந்தது.

பிறகு பஸ் இரண்டு இரண்டாக வர ஆரம்பித்தது. எது நிஜம் என்று தெரியாமல் இரண்டுக்கும் பிரேக் போட்டார்.

"ரோடு காலியாத்தானே இருக்கு மாஸ்டர்?" என்று கேட்டான் மருந்துக்கடை.

"காலியா இருக்கறப்பதான் ஜாக்கிரதையா இருக்கணும்," என்றார் மாஸ்டர்.

மருந்துக்கடை இதை வீட்டுக்கு வந்து மாஸ்டரின் மனைவியிடம் சொல்லிவிட்டான். அவள் வண்டிச் சாவியை எடுத்து அரிசி டப்பாவுக்குள் போட்டு மூடினாள்.

"கண்ணு சரியாகிற வரைக்கும் சாவி கிடையாது."

"எனக்கு ஒண்ணும் இல்ல."

"ஒண்ணும் இல்லாதவர் எதுக்கு மோவாயைக் கையால தாங்கிட்டுச் சாப்பிடறீங்க? ஏதோ யோசனை பண்றார்னு நானும் ஒரு மாசமா பார்த்துட்டிருக்கேன். கல்யாணம் ஆன நாள்லேர்ந்து நீங்க யோசிச்சு நான் பார்த்ததில்ல. அப்பவே எனக்குச் சந்தேகம் வந்திருக்கணும்."

மென்றால் தாடை களைத்துப்போகிறது என்று சொல்ல மாஸ்டருக்கு வெட்கம். மூன்றாம் நாள் தண்ணீர் குடித்தார். தண்ணீர் உள்ளே போகாமல் மூக்கு வழியாகத் திரும்பி வந்தது. கழுத்து தலையைத் தாங்காமல் தொங்கியது. அவள் உடனே தன் தம்பிக்குப் போன் போட்டாள்.

தம்பிக்குக் குடிதண்ணீர் ஃபில்டர் மாட்டுகிற தொழில். ஸ்பானர் பையும் குழாய்த் துண்டுமாக இருந்த வண்டியில் மாமாவையும் அக்காவையும் ஏற்றிக்கொண்டு ஆஸ்பத்திரிக்கு ஓட்டினான். வழியெல்லாம் மாஸ்டர் தொங்கிய தலையோடு, கையால் கியரை மாற்று, கியரை மாற்று என்று காட்டிக்கொண்டே வந்தார்.

டாக்டர் அம்மாள் ஒரு கையுறைக்குள் ஐஸ் கட்டியைப் போட்டு மாஸ்டரின் இமைமேல் இரண்டு நிமிடம் வைத்தார். எடுத்தபோது கண் திறந்திருந்தது. மைத்துனன் வாயும் திறந்திருந்தது. ரத்தப் பரிசோதனை, ஊசி வைத்து நரம்புப் பரிசோதனை எல்லாம் ஆனபிறகு டாக்டர் உட்கார்ந்து சொன்னார்.

"இதுக்கு மயஸ்தீனியான்னு பேர். மூளை ஆர்டர் போடுது, நரம்பு அதைக் கொண்டு போகுது. தசையில அதை வாங்கிக்கிற இடம் ஒண்ணு இருக்கு. கிருமியை எதிர்க்கறதுக்காக உடம்பு ஒரு பொருள் தயார் பண்ணும். உங்க உடம்பு அதைத் தப்பா தயார் பண்ணி, வாங்கிக்கிற இடத்தையே அடைச்சு வெச்சிருக்கு."

மாஸ்டர் மூக்கால் ஏதோ சொன்னார்.

"கிளட்ச் கேபிள் அறுந்துடுச்சான்னு கேக்கறார்," என்றாள் மனைவி.

"கேபிள் நல்லா இருக்கு. அது போய்ச் சேர்ற இடத்துலதான் அடைப்பு. உடம்பு தன்னையே எதிரின்னு நினைச்சுக்கிச்சு, அவ்வளவுதான்."

"ஊரையெல்லாம் திட்டினது போதலை போல," என்றாள் மனைவி. சொன்னவள் புடவைத் தலைப்பால் மூக்கைத் துடைத்துக்கொண்டாள்.

டாக்டர் அடுத்துச் சொன்னதில் சிரிக்க ஒன்றும் இல்லை. மாத்திரை முழுதாக வேலை செய்ய வாரக்கணக்காகும். அதற்குள் மூச்சு வாங்குகிற தசையையும் இது பிடித்துவிட்டால் மூச்சுக்கு மெஷின் வைக்க வேண்டியிருக்கும். அதற்கு முன்னால் ரத்தத்திலிருந்து அந்தப் பொருளை எடுத்துவிட வேண்டும். ஒரு நாள் விட்டு ஒரு நாள், ஐந்து தடவை.

மாஸ்டரை ஒரு மூச்சில் எத்தனை வரை எண்ண முடிகிறது என்று எண்ணச் சொன்னார்கள். நல்ல ஆள் முப்பது, நாற்பது வரை போவானாம். மாஸ்டர் பதினாலு வரை போனார்.

"நடுவுல அஞ்சு, எட்டு, ஒன்பது மூணையும் விட்டுட்டீங்க," என்றார் நர்ஸ். "பதினொண்ணுன்னு எழுதிக்கறேன்."

மூன்றாவது மாடியின் கடைசியில் இருந்தது அந்த அறை. ஒரு ஜன்னல், ஒரு கட்டில், ஃப்ரிட்ஜ் உயரத்துக்குச் சக்கரம் வைத்த ஒரு மெஷின். அதன் முகத்தில் நாலைந்து சின்னச் சக்கரங்கள். அவற்றைச் சுற்றிக் குழாய்கள். மேலே கொக்கிகளில் பைகள். மாஸ்டரின் கழுத்து நரம்பில் ஏற்கெனவே இரட்டைக் குழாய் ஒன்று வைத்துத் தைத்திருந்தார்கள். மைத்துனன் மெஷினை முன்னாலும் பின்னாலும் சுற்றிப் பார்த்தான். வாழ்க்கையில் முதல் தடவையாக ஆஸ்பத்திரியில் தனக்குத் தெரிந்த விஷயம் ஒன்று நடக்கப்போகிறது என்ற சந்தோஷம் அவன் முகத்தில் தெரிந்தது.

"மாமா, பயப்படாதீங்க. நம்ம வாட்டர் ஃபில்டர் கணக்குதான். உள்ளே மெம்பிரேன் இருக்கும். அழுக்கு அந்தப் பக்கம் போயிடும், நல்லது இந்தப் பக்கம் வந்துடும்."

முகக்கவசம் போட்ட ஒரு பெண் உள்ளே வந்தாள். முப்பது வயதுக்குள் இருக்கும். மாஸ்டருக்கு இரண்டு பேராகத் தெரிந்தாள். இரண்டு பேரும் கை கழுவினார்கள், கையுறை போட்டார்கள், மெஷினைத் திறந்தார்கள். குழாயை ஒவ்வொன்றாக மாட்டும்போது அவள் வாய்க்குள்ளேயே சொல்லிக்கொண்டாள். "இது உள்ளே. இது வெளியே. இது லாக். இதை இன்னும் திறக்கல."

அந்த முணுமுணுப்பை மாஸ்டர் இதற்கு முன்னால் கேட்டிருக்கிறார்.

ஆஃப்பு.

நாலு வருடத்துக்கு முன்னால் வந்தவள். கிளட்சை விட்டால் எஞ்சின் அணைந்துவிடும். அதனால் அந்தப் பெயர். "கிளட்ச். கியர். மெதுவா. இப்போ விடணும்" என்று வாய்க்குள் சொல்லிச் சொல்லி ஓட்டுவாள். மாஸ்டருக்கு அந்த முணுமுணுப்பே ஆகாது. எட்டாம் நாள் மார்க்கெட் சிக்னலில் மூன்று தடவை எஞ்சினை அணைத்தாள். பின்னால் இருந்தவர்கள் எல்லோரும் ஹாரன் அடித்தார்கள். மாஸ்டர் ஜன்னல் கண்ணாடி இறங்கியிருந்ததைக்கூடக் கவனிக்காமல், மார்க்கெட் முழுக்கக் கேட்கிற மாதிரி சொன்னார்: "உன் கையை நம்பி ஒருத்தன் ஒரு மெஷினைக் குடுத்தான்னா, அவன் உசுரோட இருக்கப் போறதில்ல." அவள் கதவைத் திறந்து இறங்கி, பூசணிக்காய்க் குவியலுக்கு நடுவே நடந்து போய்விட்டாள். அப்புறம் வரவே இல்லை.

இப்போது அவருடைய மொத்த ரத்தமும் அவள் கை வழியாகப் போய்வர இருந்தது.

மாஸ்டர் மனைவியின் கையைச் சுரண்டினார். பேச்சு வரவில்லை. பேப்பரும் பேனாவும் கேட்டு வாங்கினார். விரலும் சீக்கிரம் களைத்துப்போகிற நோய் அது. எழுத்து வரிக்கு வரி கீழே சரிந்தது. எப்படியோ எழுதிக் கொடுத்தார். 'இவளை மாத்து.'

மனைவி வாசித்தாள். இன்னொரு தடவை வாசித்தாள்.

"இருபத்தஞ்சு வருஷம் கழிச்சு இப்பதான் தோணிச்சா உங்களுக்கு?" என்றாள். "மூக்கால தண்ணி வர்றப்பக்கூட இந்த ஆசை போகலையே." பேப்பரை நாலாக மடித்துக் கைப்பைக்குள் பத்திரமாக வைத்துக்கொண்டாள்.

மெஷின் ஓட ஆரம்பித்தது. சின்னச் சக்கரங்கள் சுழன்றன. சிவப்பாகக் குழாயில் ஏறியது. உள்ளே எங்கோ விர்ரென்று ஒரு சத்தம். கீழே தொங்கிய பையில் மஞ்சளாக ஏதோ நிறைந்துகொண்டே வந்தது.

"எவ்வளவு அழுக்கு பாரு அக்கா," என்றான் மைத்துனன். "மேடம், மெம்பிரேன் எத்தனை நாளைக்கு ஒருக்கா மாத்துவீங்க?"

"இந்த மெஷின்ல மெம்பிரேன் இல்ல சார். வேற மாடல்ல இருக்கும். இது சுத்தற மெஷின். துணி துவைக்கிற மெஷின்ல கடைசியா வேகமா சுத்துமே, அந்த மாதிரி ரத்தத்தைச் சுத்தினா கனமானது ஒரு பக்கம், லேசானது ஒரு பக்கம் பிரிஞ்சுடும்."

"மெம்பிரேனே இல்லையா?" மைத்துனன் ஸ்டூலில் உட்கார்ந்துவிட்டான்.

"இது அழுக்கும் இல்ல சார். பிளாஸ்மா. இதுல நல்லதும் இருக்கு, அவருக்குத் தொந்தரவு பண்றதும் இருக்கு. தனியா பொறுக்கி எடுக்க முடியாது. மொத்தமா எடுத்துட்டு, பதிலுக்கு இந்தப் பாட்டில்ல இருக்கிற அல்புமின்கிற புரதத்தைக் குடுக்கறோம். அது ரத்தம் குடுத்தவங்ககிட்டேர்ந்து எடுத்தது."

"யார் குடுத்தது?" என்றாள் மனைவி.

"நிறையப் பேர் குடுத்ததைச் சேர்த்து, சுத்தம் பண்ணித் தயார் பண்றாங்கம்மா."

"அதுல பொறுமைசாலி யாராவது இருந்தா நல்லது." அவள் மஞ்சள் பையைக் குனிந்து பார்த்தாள். "கோபம் எதும்மா போகும்? சிவப்புலயா, மஞ்சள்லயா?"

"அது இந்த மெஷின்ல வராதும்மா," என்றாள் அந்தப் பெண். கவசத்துக்கு மேலே கண் சிரித்த மாதிரி இருந்தது. மாஸ்டருக்கு அந்தச் சிரிப்பு கொஞ்சமும் பிடிக்கவில்லை.

இரண்டாவது தடவை, பாதியில், மாஸ்டரின் உதட்டைச் சுற்றி எறும்பு ஊர்கிற மாதிரி இருந்தது. சரி, ஆரம்பித்துவிட்டாள் என்று நினைத்தார்.

"சார், உதட்டுல மரமரப்பு இருக்கா?" என்று அவள் கேட்டாள். இல்லை என்று தலையசைத்தார். ஆஃப்புவிடம் போய் மரமரக்கிறது என்று சொல்வதா. ஐந்து நிமிடம் கழித்து மறுபடி கேட்டாள். இல்லை. எறும்பு விரல் நுனிக்கும் வந்தது. கை தானாக மடங்கியது. அவள் திரையைப் பார்க்கவில்லை, மாஸ்டரின் கையைப் பார்த்துக்கொண்டிருந்தாள். ஒரு பொத்தானை அழுத்தினாள். சக்கரங்கள் வேகம் குறைந்தன.

"ரத்தம் உறையாம இருக்க ஒரு மருந்து சேர்க்கறோம். அது உடம்புல இருக்கிற கால்சியத்தைப் பிடிச்சுக்கும். அதுதான் மரமரப்பு. சொன்னா ரெண்டு நிமிஷத்துல சரி பண்ணிடலாம், சொல்லலைன்னா ஆபத்து. இந்த மெஷின் எல்லாத்துக்கும் சத்தம் போடும், இதுக்கு மட்டும் போடாது. நீங்கதான் சொல்லணும் மாஸ்டர்."

மாஸ்டர். சார் இல்லை.

அவர் ஒரு விரலைத் தூக்கினார். மரமரக்கிறது.

அவள் கால்சியம் ஏற்றினாள். எறும்பு ஒவ்வொன்றாக இறங்கிப் போயிற்று. அவள் கட்டிலுக்குப் பக்கத்திலேயே நின்று நாடியைப் பிடித்தபடி, "என்னை உங்களுக்கு ஞாபகம் இருக்குன்னு முதல் நாளே தெரிஞ்சுடுச்சு," என்றாள். "நீங்க பாத்த பார்வையில."

மனைவி இருவரையும் மாறி மாறிப் பார்த்தாள். அந்தப் பெண் தயங்காமல் நடந்ததைச் சொன்னாள்: சிக்னல், மூன்று தடவை, பூசணிக்காய். மனைவி கைப்பையைத் திறந்து நாலாக மடித்த பேப்பரை எடுத்து மறுபடி படித்தாள்.

"அப்போ இது நான் இல்லையா," என்றாள். அவள் குரலில் நிம்மதி கொஞ்சம்தான் இருந்தது, கோபம்தான் நிறைய. "அறிவிருக்கா உங்களுக்கு? உங்க உசுரைப் பிடிச்சு நிறுத்தறவளை மாத்தச் சொல்லியா எழுதிக் குடுத்தீங்க? அதுவும் அந்தப் பொண்ணு இங்கேயே நிக்கறப்போ?"

மாஸ்டர் கண்ணை மூடிக்கொண்டார். அந்த நோயில் அது ஒரு வசதி.

மூன்றாவது தடவை முடிந்த மறுநாள் காலை, இமை டேப் இல்லாமல் நின்றது. மத்தியானமும் நின்றது. மூச்சு எண்ணிக்கை, நியாயமாகவே, இருபத்துமூன்று. கஞ்சி நேராக உள்ளே போயிற்று. பாங்க் அம்மா கணவரோடு பார்க்க வந்தார். கண் மூடியது நோயால்தான் என்று கேட்டதும் பாங்க் அம்மாவுக்கு ஒரே கூச்சம். கணவருக்கு ஏனோ கொஞ்சம் ஏமாற்றமாகப் போய்விட்டது.

நாலாவது தடவை அந்தப் பெண் அறைக்குள் வந்தபோது ஒருத்தியாகத்தான் தெரிந்தாள். மனைவியும் தம்பியும் டீ குடிக்கக் கீழே போயிருந்தார்கள். மாஸ்டர் தொண்டையைக் கனைத்தார். குரல் இருந்தது. இரண்டு நாளாக மனதுக்குள் ஓட்டிப் பார்த்து வைத்திருந்த வாக்கியத்தை எடுத்தார்.

"அன்னிக்கு நான் அப்படிச் சொல்லியிருக்கக் கூடாது," என்றார். அதோடு நிறுத்தியிருக்கலாம். பழக்கமில்லாத ரோட்டில் வண்டி தானாகப் பழைய பக்கம் திரும்பியது. "நீயும் கிளட்சை அப்படிப் பொசுக்குன்னு விட்டிருக்கக் கூடாது. நான் எத்தனை தடவை சொன்னேன்? பாதியில நிறுத்து, வண்டி உதறும், அப்போ..."

சொல்லும்போதே வலது கையைத் தூக்கிக் காட்டி, தலையைத் திருப்பிவிட்டார். கழுத்துக் குழாய் மடங்கியது. மெஷின் கீச்சென்று கத்தியது. திரையில் சிவப்பு விளக்கு. சக்கரங்கள் நின்றன. அவ்வளவு நேரம் ஓடிக்கொண்டிருந்த சிவப்பு குழாயில் அப்படியே நின்றது. அது தன்னுடையது என்று மாஸ்டருக்கு அப்போதுதான் உறைத்தது. இரண்டு காலும் தானாக நீண்டு, கட்டில் கால்மாட்டுப் பலகையைப் பலங்கொண்ட மட்டும் மிதித்தன.

"மாஸ்டர், அந்தப் பக்கம் பிரேக் இல்ல," என்றாள் அவள்.

அவள் ஓடவில்லை. பதறவும் இல்லை. "இது லாக். தலை நேரா. குழாய் நேரா. இப்போ இதைத் திறக்கணும்," என்று வாய்க்குள் சொல்லிக்கொண்டே ஒரு கையால் அவர் மோவாயை நேராகத் திருப்பினாள், மறு கையால் குழாயை நீவினாள், திரையில் எண்களைப் பார்த்தாள், பொத்தானை அழுத்தினாள். சக்கரங்கள் மறுபடி சுழன்றன. எல்லாம் முடிய ஒரு நிமிடம்கூட ஆகியிருக்காது. மாஸ்டர் காலை எடுக்கவில்லை. அந்த முணுமுணுப்பை அவர் இந்தத் தடவை ஒரு சொல் விடாமல் கேட்டார். அது வரிசை. ஒன்றை முடிக்காமல் அடுத்ததுக்குப் போகாத வரிசை. இப்படி ஒரு ஆளைத்தான் எஞ்சின் மூன்று தடவை நின்றதற்கு இறக்கி விட்டிருக்கிறோம் என்று நினைத்தபோது, கண்ணில் வேறு ஒரு தொந்தரவு வந்தது. அதற்கு நோய் காரணமில்லை.

"கை நடுங்கலையே உனக்கு," என்றார்.

"இங்க சேர்ந்த புதுசுல நடுங்கிச்சு. எந்த மெஷினைத் தொட்டாலும் உங்க குரல்தான் கேக்கும். அப்புறம் பழகிடுச்சு." அவள் குழாயை டேப் போட்டு ஒட்டினாள். "இதுல ஒரு சௌகரியம் மாஸ்டர். பின்னாடி யாரும் ஹாரன் அடிக்க மாட்டாங்க."

ஐந்தாவது தடவை முடிந்து கழுத்துக் குழாயை எடுத்தபோது மாஸ்டர் ஒரு மூச்சில் முப்பத்தெட்டு எண்ணினார். மைத்துனன் கைதட்டினான். டாக்டர் எச்சரித்தார்: இது நோய் போய்விட்டதென்று அர்த்தமில்லை, கழுவி விட்டிருக்கிறோம், உடம்பு மறுபடி அதைத் தயார் பண்ணும், மாத்திரைதான் அதை அடக்கி வைக்க வேண்டும், நிறுத்தினால் மறுபடி இங்கேதான். தான் சொல்லும்வரை ஸ்டீயரிங் பக்கம் போகக் கூடாது என்றார்.

மாஸ்டர் தலையாட்டிவிட்டு அந்தப் பெண்ணைப் பார்த்தார்.

"டாக்டர் சரின்னு சொன்னதும் நீ வா. விட்ட இடத்துலேர்ந்து நானே சொல்லித் தர்றேன். குரலை உசத்த மாட்டேன்."

அவள் மெஷினைத் துடைத்துக்கொண்டிருந்தாள்.

"வேணாம் மாஸ்டர். உங்கமேல எனக்கு இப்போ கோபம் ஒண்ணும் இல்ல. ஆனா அந்த வண்டியில மட்டும் நான் ஏற மாட்டேன். ரெண்டு பஸ் மாறித்தான் வர்றேன், ஜன்னல் சீட் கிடைச்சா தூங்கிட்டே வந்துடுவேன். எனக்கு அது போதும்."

மாஸ்டருக்கு முகம் விழுந்துவிட்டது. கொடுத்தால் வாங்கிக்கொள்வார்கள் என்றுதான் அவர் நினைத்திருந்தார். மனைவி அவர் தோளில் போர்வையைப் போர்த்தினாள். "விடுங்க. அவ சொல்றது சரிதானே," என்று மெதுவாகச் சொன்னாள்.

அவர்கள் கதவுவரை போனபிறகு அந்தப் பெண் கூப்பிட்டாள்.

"மாஸ்டர், எங்கம்மாவுக்குக் கார் ஓட்டணும்னு ரொம்ப நாளா ஆசை. அம்பத்தெட்டு வயசு. சேர்த்துப்பீங்களா?"

"எண்பது வயசானாலும் சேர்த்துப்பேன்," என்றார் மாஸ்டர். "அம்மா எப்படி, உன்ன மாதிரி அமைதியா?"

அவள் துடைக்கிற துணியை மடித்தாள். "வந்தா பாருங்க," என்றாள்.

நாலு மாதம் கழித்து டாக்டர் சம்மதித்தார். பார்வை ஒன்றாக நின்றது. காலைக்கு மாத்திரை, மத்தியானத்துக்கு மாத்திரை. மனைவி மணி பார்த்துக் கொடுத்தாள். அரிசி டப்பாவிலிருந்து சாவி வெளியே வந்தது. அடுத்த திங்கட்கிழமை காலை ஏழு மணிக்கு அந்தப் பெண்ணின் அம்மா வந்து நின்றார். யூனிஃபார்ம் தைக்கிற கம்பெனியில் முப்பது வருடம் மெஷினில் உட்கார்ந்தவர். குள்ளமாக, அகலமாக, கையில் முதுகுக்கு வைக்க ஒரு தலையணையோடு வந்திருந்தார். மாஸ்டரை மேலும் கீழும் பார்த்தார்.

"நீதானா அது?" என்றார்.

மாஸ்டர் கதவைத் திறந்துவிட்டார். அந்த அம்மாள் ஏறி, தலையணையை முதுகுக்கு வைத்து, ஸ்டீயரிங்கைத் துணி பிடிக்கிற மாதிரி விரல் நுனியால் பிடித்தார். மாஸ்டர் தன் பக்கத்துக் கிளட்சிலும் பிரேக்கிலும் காலை வைத்துக்கொண்டு, தணிந்த குரலில், எது எது என்று சொன்னார். அந்த அம்மாள் காது கொடுத்ததாகவே தெரியவில்லை. முதல் இரண்டு தடவை எஞ்சின் நின்றது. மாஸ்டர் பல்லைக் கடித்துக்கொண்டார். தாடை இப்போது நன்றாகக் கடித்தது.

"என் பொண்ணை நடுரோட்டுல இறக்கி விட்டியாமே," என்றார் அந்த அம்மாள் மூன்றாம் தடவை சாவியைத் திருப்பிக்கொண்டே. "அன்னிக்கு அழுதுட்டே வீட்டுக்கு வந்தா. ரெண்டு நாள் சாப்பிடல. வேலைக்கு மட்டம் போட்டா. நான் அன்னிக்கே கிளம்பினேன், உன் வீட்டு வாசல்ல வந்து நாலு கேள்வி கேக்கணும்னு. அவதான் செருப்பை ஒளிச்சு வெச்சுட்டா."

கிளட்ச் மேலே வந்தது. முப்பது வருடம் தையல் மெஷினின் மிதியை அழுத்திப் பழகிய கால், நூல் அறாமல் துணி நகர்த்துகிற கால். வண்டி ஒரு உதறல் இல்லாமல் நகர்ந்தது.

"அவளை வளர்க்க நான் என்ன பாடு பட்டேன்னு உனக்குத் தெரியுமா? சின்னப் பிள்ளையிலேர்ந்து எதையும் நிதானமாத்தான் செய்வா. கோடு போட்ட மாதிரி தைப்பா. உனக்கு அவசரம்னா அவ என்ன செய்வா? ஹாரன் அடிக்கிறவன் அடிக்கட்டும்னு சொல்ல உனக்கு வாய் வரலையா?"

இரண்டாவது கியர் தானாக விழுந்த மாதிரி விழுந்தது. எதிரே ஒரு பஸ் வந்தது. ஒரே ஒரு பஸ். அந்த அம்மாள் பேச்சை நிறுத்தாமல் அளவாக ஒதுங்கி வழிவிட்டார்.

"அம்மா, நான்..." என்று ஆரம்பித்தார் மாஸ்டர்.

அந்த அம்மாள் அவர் என்ன சொல்கிறார் என்று கேட்க வாயை மூடினார். உடனே வண்டி குலுங்கியது, ஸ்டீயரிங் ஆடியது, எஞ்சின் திணறியது. மாஸ்டருக்குப் புரிந்துவிட்டது.

"ஒண்ணும் இல்லம்மா," என்றார் அவர். "நீங்க மேல சொல்லுங்க."

அந்த அம்மாள் விட்ட இடத்திலிருந்து தொடங்கினார். வண்டி சீரானது. மார்க்கெட் தாண்டி, பள்ளிக்கூடம் தாண்டி, அந்த அம்மாள் மூன்றாவது கியர் போடும்போது மாஸ்டர் தன் பக்கத்துப் பெடல்களிலிருந்து இரண்டு காலையும் எடுத்து சீட்டுக்கு அடியில் மடக்கி வைத்துக்கொண்டார்.